தொட்டிக்குப் பின்பக்கம் எது

குழவியைத் தூக்கி மேல வச்சாச்சு, இனிமே மிதக்காது. மீன் தொட்டிக்குள்ள இறக்கின தெர்மாகோலுக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு ஓரத்தை அமுக்கினா இன்னொரு ஓரம் எழும்புது, கையை எடுத்தா மொத்தமும் மேல வரப் பார்க்குது, கீழேருந்து யாரோ தள்ளுற மாதிரி. அதான் அம்மிக் குழவி. அதைத் தொட்டே பத்து வருஷம் இருக்கும், இன்னிக்கு இதுக்கு உதவிச்சு. முழங்கை வரைக்கும் ஈரம், பாசி நாத்தம். மணி ரெண்டே கால். இவருக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைச்சு, தலையணையைச் சரி பண்ணியாச்சு. நாலு மணி டீ வரைக்கும் எனக்குன்னு இருக்கிற நேரம் இது. நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிறேன். பாறை மாதிரிதான் இருக்கு. சாம்பல் நிறத்துல, அங்கங்கே குடைஞ்ச பொந்தோட, மேடும் பள்ளமுமா. நானே செஞ்சேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மீனுக்குப் பின்னாடி பாறை, பாறைக்குப் பின்னாடி ஃபில்டர் குழாய்க்குன்னு ரெண்டு விரல் இடம், அதுக்குப் பின்னாடி கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னாடி இவர். இப்படி வரிசையாச் சொல்லிக்கிட்டே போறேன், இவர்ங்கிற இடம் வந்ததும் நின்னுடுது. மறுபடியும் மீன்லேருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தத் தொட்டி ஹாலுக்கும் படுக்கை ரூமுக்கும் நடுச்சுவத்துல இருக்கு. இவர்தான் ஆள் வச்சு சுவத்தை இடிச்சு, நாலடி நீளத்துக்கு வாய் திறந்து, அதுல தொட்டியை உட்கார வச்சார். ஹால்லேருந்தும் பார்க்கலாம், படுத்துக்கிட்டும் பார்க்கலாம். வந்தவங்க எல்லாம், இதுக்கு எது சார் பின்பக்கம்னு கேட்பாங்க. ரெண்டு பக்கமும் முன்பக்கம்தான்னு சிரிப்பார். தணிகாசலம் வீட்டு மீன் தொட்டின்னா அயனாவரத்துல எங்க தெருவுக்கே தெரியும். போன ஆடியில ஒருநாள் காலையில பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிஞ்சார், வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்ததும் கட்டிலை இந்தத் தொட்டிக்கு நேரா இழுத்துப் போட்டது நான்தான். மீனையாவது பார்த்துக்கிட்டுக் கிடக்கட்டும்னு பாவம் பார்த்துப் போட்டேன். அது என் தப்பு. மீனைத் தாண்டி நான் இருப்பேன்ங்கிறது அப்போ எனக்கு உறைக்கலை. ஹால்ல இந்த ஒரு நாற்காலிதான் எனக்கு. காய் நறுக்கினா இங்கே, சாப்பிட்டா இங்கே, தலை பின்னினா இங்கே, எப்போ நிமிர்ந்தாலும் தண்ணிக்குள்ள அவர் கண்ணு. தண்ணி எதையும் பெருசாத்தானே காட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணு, இமைக்கிறப்போ மெதுவா இமைக்கும். ஏஞ்சல் மீன் குறுக்கே போனா கொஞ்சம் மறையும், அது போனதும் திரும்ப இருக்கும். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போனா கூடவே வரும். பதினோரு மாசம். ஒரு மனுஷி கட்டின புடவையைச் சரி பண்ணக்கூட இடம் இல்லாமப் பதினோரு மாசம். ஹால்ல இருட்டு வேற. கர்ட்டனைத் திறக்காதே பரிமளம், வெயில் பட்டா தொட்டி பச்சை பிடிச்சிடும்னு எத்தனையோ தடவை கத்தியிருக்கார், பேச்சு போனப்புறமும் நான் திறக்கலை. ராத்திரி ஏழு மணிக்கு இவர் மாத்திரை போட்டுத் தூங்கினப்புறம்தான் ஹால் லைட்டே போடுவேன். பகல் முழுக்க இருட்டுல நான், தொட்டி லைட்டு, அந்தப் பக்கம் திறந்த ஜன்னல் வெளிச்சத்துல பளிச்சுனு இவர். சினிமாக் கொட்டகையில படம் நம்மளைப் பார்த்தா எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

டக் டக் டக். ஆரம்பிச்சுட்டார். கட்டில் கம்பியில ஸ்பூனால தட்டுறது, இடது கைக்கு அது ஒண்ணுதான் வேலை. அதுக்கு ஒரு கணக்கு வச்சது நான்தான், ஒரு தட்டுன்னா தண்ணி, ரெண்டுன்னா பாத்ரூம். மூணு அவரா கண்டுபிடிச்சது. மூணு தட்டினா போய் நிப்பேன், தண்ணியான்னு கேட்டா இல்லைன்னு தலை ஆட்டுவார், படுக்கை நனைஞ்சுதான்னா அதுக்கும் இல்லை. என்னைப் பார்ப்பார், பாதி வாய் சிரிக்கும், கண்ணை மூடிக்குவார். மூணுன்னா சும்மா வான்னு அர்த்தம். முதல் மாசம் ஓடினேன். ரெண்டாம் மாசம் நடந்தேன். அப்புறம் நிறுத்திட்டேன். கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கேன், வச்ச கண் வாங்காமப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க, அப்புறம் எதுக்குய்யா கூப்பிடுறதுன்னு இங்கேருந்தே கத்துவேன். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவ நான். ஜனங்க வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுட்டு, லைன்லயே இருங்கன்னா இருக்க மாட்டாங்க, ஹலோ, ஹலோ, இருக்கீங்களா மேடம், ஹலோன்னு காதைத் தின்பாங்க. இருக்கேன்னு சொன்னாலும் அடங்க மாட்டாங்க, அரை நிமிஷத்துல திரும்ப ஹலோ. பக்கத்து சீட்டு எஸ்தர் ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல கவுத்துட்டு டீ குடிக்கப் போவா, அது மேஜை மேல கிடந்து ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டே இருக்கும், வயசானவங்க குரல், சின்னப் பிள்ளைங்க குரல். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன், ஆனா எடுத்துப் பேச மாட்டேன், அது என் லைன் இல்லை. டக் டக் டக். தட்டட்டும். இப்போ பாறை இருக்கு நடுவுல. இனிமே நான் இங்கே இருக்கேனா இல்லையான்னே அவருக்குத் தெரியாது.

கொளத்தூருக்குப் போன அன்னிக்கு எனக்கு இவ்வளவு வேலை செய்யணும்னு எண்ணம் இல்லை, படம் போட்ட ஷீட்டு ஒண்ணு வாங்கி ஒட்டிட்டா முடிஞ்சதுன்னுதான் போனேன். மீன் கடையா வரிசையா இருக்கு அந்தத் தெருவுல, ஒரே ஈர வாடை, பாலிதீன் பையில ஊதிக் கட்டின தண்ணிக்குள்ள மீனுங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மளையே பார்க்குற மாதிரி இருக்கும். கடைக்காரர் ஷீட்டு ரோல் ரோலா உருட்டிக் காட்டினார். பவளப்பாறை, கடல் நீலம், காடு, இடிஞ்ச தூணுங்க, தண்ணிக்கு அடியில ஒரு சிவலிங்கம் கூட இருந்தது. இடிஞ்ச தூணை ரொம்ப நேரம் பார்த்தேன், அதுல ஒரு வாசப்படி, வாசப்படிக்கு உள்ளே இருட்டு, அங்கேருந்து ஏதாவது வந்துடுமோன்னு தோணிச்சு, சுருட்டிக் கொடுத்துட்டேன். கறுப்பு ஷீட்டு இருக்கான்னு கேட்டேன். இருக்கும்மா, ஆனா கறுப்பு ஒட்டினா கண்ணாடி முகம் பார்க்குற கண்ணாடியே ஆயிடும், அந்தாண்ட ஒண்ணும் தெரியாது, மீன் தன் மூஞ்சியையே பார்த்துப் பயந்துக்கும்னு சொல்லி, ஒரு தொட்டிக்குப் பின்னாடி கறுப்பு அட்டையை வச்சுக் காட்டினார். நான் தெரிஞ்சேன். மூக்குத்தி, நரைச்ச வகிடு, தோளுக்குப் பின்னாடி ரோடு, எல்லாம் தண்ணிக்குள்ள. வேண்டாம்னேன். அப்புறம் அவர்தான் சொன்னார், ஷீட்டுல ஒரு பக்கம்தான்மா படம், பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும், உங்க தொட்டி சுவத்தோட ஒட்டியா இருக்குன்னு. இல்லை, ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுலன்னேன். அந்தப் பக்கத்துலேருந்து பார்க்குறதுக்கு ஆள் இருக்காங்களான்னு கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார். யாரும் இல்லைன்னு சொன்னேன். வாய் சட்டுனு சொல்லிடுச்சு. யாரும் இல்லை. பஸ்ஸுல திரும்பி வர்றப்போ அந்த ரெண்டு வார்த்தையும் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து கூடவே வந்தது. ஷீட்டையும் வாங்கலை. அதை ஒட்டணும்னா அவர் ரூமுக்குள்ள போய், அவர் பக்கக் கண்ணாடியில, அவர் கண்ணுக்கு நேரா நின்னுதான் ஒட்டணும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பாறைன்னா தொட்டிக்குள்ளயே இறக்கிடலாம், ஹால்ல நின்னபடியே. அதனாலதான் பாறை.

ஸ்டேஷனரி கடையில ரெண்டு அங்குலத் தெர்மாகோல் வாங்கினேன். தொட்டி நீளத்தை விட அரை விரல் கூட வச்சு வெட்டினா நெருக்கிப் பிடிச்சு நிக்கும், ஒட்டவே வேண்டாம்னு நானே ஒரு யோசனை. உண்மையில தொட்டியைக் காலி பண்ணி, காய வச்சு, சிலிகான் போட்டு ஒட்டி, ஒரு வாரம் விடணும்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார், எனக்குப் பொறுமை இல்லை. கத்தியை அடுப்புல காட்டிச் செதுக்கினேன். சூடு பட்டதும் அது சுருங்கிக்கிட்டு உள்ளே போகும், நான் நினைச்ச இடத்துல போகாது. ஒரு பொந்து போட்டேன், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, கீழே கோணலா ஒரு பிளவு. எட்ட வச்சுப் பார்த்தா மூஞ்சி. ஒரு பக்கம் இழுத்த வாய். அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினேன், ரெண்டாவதுல கண்ணு வராமப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். சிமெண்டைக் கரைச்சு மூணு கோட்டு பிரஷ்ஷால அடிச்சு, மாடியில டிரம்முல பத்து நாள் ஊற வச்சேன், தினம் தண்ணி மாத்தி, சிமெண்ட் காரம் போகணுமே. இவரைக் காலையில துடைச்சு விட வர்ற பிலோமினா, என்னக்கா இதுன்னு கேட்டா. மீனுக்கு நல்லதாம், ரெண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா மிரளுமாம்னு சொன்னேன். மீனே ஒண்ணுதானேக்கா இருக்குன்னா. ஆறு இருந்தது. இவருக்கு நிமோனியா வந்தப்போ ஒண்ணு செத்து மிதந்தது, இவர் பிழைச்சார். ஃபிட்ஸ் வந்தப்போ ஒண்ணு. கஞ்சி புரையேறி மூஞ்சி நீலமா ஆனப்போ ஒண்ணு, அதுக்குப் பின்னாடி ரெண்டு. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிட்டுப் போயிடுதுக்கா, புதுசா ஆறு வாங்கி விடுங்கன்னு பிலோமினா ஒவ்வொரு தடவையும் சொல்வா, செத்ததை நியூஸ் பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போவா. கொளத்தூர்ல ஆயிரம் மீன் முன்னாடி நின்னேன். ஒண்ணுகூட வாங்கலை. ஏன் வாங்கலைன்னு நேத்து கேட்டா, மறந்துட்டேன்னேன். மறக்கலை. எனக்குப் போதும்னு இருந்தது. அவ்வளவுதான், அதை எந்த வார்த்தையில சொன்னாலும் அசிங்கமாத்தான் இருக்கும். கடைசி மீன் கறுப்பு ஏஞ்சல், வெத்தலை மாதிரி தட்டையா, சத்தமே இல்லாம, நடுத் தண்ணியில நிக்கும்.

டக் டக் டக். இன்னிக்குப் பாறையை இறக்குறப்போ அவர் முழிச்சுத்தான் இருந்தார். தூங்குவார்னு பார்த்தேன், தூங்கலை. இடது ஓரத்துலேருந்து நெருக்கிக்கிட்டே வந்தேன், கட்டில் மறைஞ்சது, மருந்து மேஜை மறைஞ்சது, தோள் மறைஞ்சது, கடைசியில ஒரு விரல்கடை இடம் பாக்கி, அதுல கண்ணு மட்டும். கோபமா இருந்திருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும். ஒண்ணும் இல்லை, சும்மா பார்த்துது. ஒரு அமுக்கு அமுக்கினேன். போச்சு. இப்போ அந்தப் பக்கம் அவருக்கு வெறும் வெள்ளை, கண்ணாடி ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை. டக் டக் டக். நாளைக்குப் பழகிடும். எனக்கு எல்லாம் பழகலையா. நாற்காலியில சாய்ஞ்சு காலை நீட்டி, புடவைத் தலைப்பால கழுத்தைத் துடைச்சேன், யாரும் பார்க்காம. சுகமாத்தான் இருக்கு. இருக்கணும். ஆனா முதுகு ஏன் இப்படி நேரா நிக்குது. டக் டக் டக். இந்தத் தடவை சத்தம் வேற. கம்பிச் சத்தம் இல்லை. மந்தமா, ஈரமா இருக்கு. டுக் டுக் டுக். நின்னுது. எண்ணாம இருக்கலாம்னு பார்த்தா காது எண்ணுது. டுக் டுக் டுக். பாறைக்குள்ளேருந்து வருது. என்னடி இது, தெர்மாகோலுக்குள்ள யாரு இருப்பாங்க, நான்தானே செதுக்கினேன். நிமிர்ந்து பார்த்தேன், தொட்டியில எதுவும் இல்லை. மீன் இல்லை. மேல இல்லை, கீழே இல்லை, பொந்துல இல்லை. தண்ணி மட்டும் இருந்தது, லைட்டு போட்ட வெறும் தண்ணி.

எழுந்து ரூமுக்குப் போனேன். ஸ்பூன் தரையில கிடந்தது, கட்டிலுக்கு அந்தாண்ட, அவர் கைக்கு எட்டாத தூரத்துல. எப்பவோ விழுந்திருக்கணும். அப்போ கடைசியில தட்டினது யாரு. அவர் இடது கையைக் கண்ணாடியைப் பார்த்து நீட்டி வச்சிருக்கார், ஒரு முழம் எட்டலை, வாய் கோணி, தொண்டையிலேருந்து ங்க், ங்க்னு ஒரு சத்தம். வெள்ளைத் தெர்மாகோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, அந்த ரெண்டு விரல் சந்துக்குள்ள, ஃபில்டர் குழாய்ல மாட்டிக்கிட்டுக் கறுப்பு மீன். திரும்ப இடம் இல்லாம முன்னாடி போய்க் கண்ணாடியில மோதுது, பின்னாடி வருது, மோதுது. டுக் டுக் டுக். எங்கே சந்து இருந்து நுழைஞ்சுதோ, வெத்தலை கனம்தானே. செத்துடும்னு நினைச்சேன். செத்தா அடுத்த கண்டத்துக்கு மீன் இல்லைன்னு அடுத்து நினைச்சேன். அடுத்தது என்ன நினைக்கப் போறேன்னு எனக்கே தெரிஞ்சுது, அதுக்குள்ள ஹாலுக்கு ஓடிட்டேன். குழவியை எடுத்தேன். நான் தொடக்கூட வேண்டியிருக்கலை, பாறை தானாவே கிளம்பி மேல வந்தது, தண்ணி முழுக்க என் மேல, தரை எல்லாம் சேறு. பிடிச்சு இழுத்துக் கீழே போட்டுட்டுத் திரும்ப ரூமுக்கு வந்தேன். மீன் நடுத் தண்ணிக்கு வந்திருந்தது. ஒரு பக்கத்து இறகு கிழிஞ்சு தொங்குது, சாய்ஞ்சு சாய்ஞ்சு நிக்குது. மூச்சு விடுதான்னு பார்க்கணும். நின்னுக்கிட்டுப் பார்த்தா செவுள் தெரியலை. தள்ளிக்கோங்கன்னு சொல்லி, ஈரப் புடவையோட அவர் கட்டில்லயே படுத்து, அவர் தலையணையில தலையை வச்சுப் பார்த்தேன்.

மீன் தெரிஞ்சது. செவுள் அசையுது. மீனுக்குப் பின்னாடி கண்ணாடியில எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் தெரிஞ்சது, எங்களுக்குப் பின்னாடி ஜன்னல், ஜன்னல்ல வெளிச்சம். அவ்வளவுதான். அதுக்கு அப்பால் கறுப்பு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், கையை மறைப்பா வச்சுப் பார்த்தேன். ஹால் இல்லை. நாற்காலி இல்லை. நான் சத்தம் போட்டு இழுத்துப் போட்ட அவ்வளவு பெரிய வெள்ளைப் பலகை தரையில கிடக்கணும், அதுவும் இல்லை. கறுப்பு ஒட்டினா அந்தாண்ட ஒண்ணும் தெரியாதும்மான்னு கடைக்காரர் சொன்னாரே, கர்ட்டன் போட்ட என் இருட்டு ஹால்தான் அந்தக் கறுப்பு. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தா பதினோரு மாசமா. காய் நறுக்கினா, பின்னினா, தலையைக் கவுத்துக்கிட்டு அழுதா, கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கேனேன்னு கத்தினா. அந்தக் கண்ணு என் கூட வரலை. மீன் கூட வந்தது. இல்லாட்டி என் பாத்திரச் சத்தத்தைத் தேடி வந்தது. என்னங்கன்னு கூப்பிட்டேன், குரல் எனக்கே புதுசா இருந்தது. இங்கேருந்து நான் தெரிவேனா, அந்த நாற்காலியில உட்கார்ந்தா தெரிவேனா. இல்லைன்னு தலை ஆட்டினார். என்னைக்காவது தெரிஞ்சேனா. இல்லை. அப்புறம் இடது கையைத் தூக்கி, ஸ்பூன் இல்லாத கையால, என் தோள்ல தட்டினார். மூணு. ஹலோ, இருக்கீங்களா மேடம், ஹலோ.

எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியலை, நாலு மணி டீக்கு நேரம் ஆயிடுச்சு. ஸ்பூனை எடுத்துக் கழுவி அவர் கையில கொடுத்தேன். ஹாலுக்கு வந்து, சேறு மிதிச்சுக்கிட்டே போய், கர்ட்டனை ஒரு இழு இழுத்தேன், வளையம் துருப் பிடிச்சுப் பாதியில நின்னுது, இன்னொரு இழுப்புல கம்பியோட கையில வந்தது. மேற்கு வெயில் மொத்தமும் உள்ளே வந்து தொட்டி மேல விழுந்தது. பச்சை பிடிச்சா பிடிக்கட்டும், தேய்ச்சுக் கழுவ எனக்குக் கை இருக்கு. வெயில்ல தண்ணி மங்கலா, தூசியோட, கிழிஞ்ச இறகோட மீன். நாற்காலியை நேரா இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தலை கலைஞ்சிருந்தது, ஒதுக்கினேன். தண்ணிக்கு அந்தாண்டேருந்து அந்தப் பெரிய கண்ணு வந்தது, மீனை விட்டுட்டு மெதுவா நகர்ந்து என் மேல வந்து நின்னுது. இதுக்கு முன்னாடி அது நின்னதே இல்லைன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சது. நான் அசையலை. கட்டில் கம்பியில சத்தம் கேட்டது. ஒண்ணு. ரெண்டாவதுக்குக் காத்திருந்தேன், மூணாவதுக்குக் காத்திருந்தேன், வரலை. தண்ணி கேட்கிறார். டம்ளரை எடுத்துக்கிட்டுப் போனேன்.